நகுருவா, நைவாஷாவா, போகோரியாவா? கென்யாவில் ஓர் ஏரிக்குத்தான் நேரம் என்றால்

கென்யாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு மசாய் மாரா விலங்குக் காப்பகம் பற்றிக் குழப்பம் இருப்பதில்லை. அது திட்டத்தில் முதலிலேயே ஏறிவிடும். அதற்கு முன்னும் பின்னும் மிஞ்சும் ஒன்றிரண்டு நாட்களில்தான் தடுமாற்றம். பயண ஏற்பாட்டாளர் அனுப்பும் பட்டியலில் நகுரு, நைவாஷா, போகோரியா என்று மூன்று ஏரிகள் இருக்கும். பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே படம்தான்: கரை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். மூன்றும் நிலம் பிளந்து உருவான ஒரே பிளவுப் பள்ளத்தாக்கில், நைரோபிக்கு வடமேற்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் மூன்றும் தரும் அனுபவம் முற்றிலும் வேறு. அந்தப் படத்தை நம்பி முடிவெடுத்தால் ஏமாற்றம் நிச்சயம்.

## முதலில் அந்தப் படத்தைப் பற்றி

நகுரு ஏரியில் ஒரு காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் கூடின. உலகப் புகழ் அதனால்தான் வந்தது. 1961-இல் பறவைச் சரணாலயமாகத் தொடங்கி 1968-இல் தேசியப் பூங்காவானதும் அவற்றுக்காகத்தான். அங்கே கூடியவற்றில் பெரும்பாலானவை சிறிய பூநாரை என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மீன் வேண்டாம். காரத்தன்மை மிகுந்த உவர்நீரில் மட்டும் செழித்து வளரும் ஸ்பைருலினா என்ற நுண்பாசிதான் உணவு. அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, பாசியை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளும். இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்து கிடைப்பதுதான்.

2010-ஐ ஒட்டிப் பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகள் எல்லாமே உயரத் தொடங்கின. கூடுதல் மழை, மலைச்சரிவுகளில் காடு அழிந்து மண்ணும் நீரும் ஏரிக்கு ஓடிவருவது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சுமார் 40 சதுர கிலோமீட்டராக இருந்த நகுரு ஏரி பத்தே ஆண்டுகளில் 60-ஐத் தாண்டிவிட்டது. பூங்காவின் பழைய நுழைவாயிலும் கரையோரச் சாலைகளும் நீருக்குள் போயின. நன்னீர் கலந்து உப்பு நீர்த்ததும் பாசி குறைந்தது. பாசி குறைந்ததும் பூநாரைகள் வேறு ஏரிகளுக்குப் பறந்தன. இன்றும் நகுருவில் பூநாரைகளைப் பார்க்கலாம். சில மாதங்களில் நல்ல கூட்டமாகவே வரும். ஆனால் கரையே தெரியாத அந்தப் பழைய காட்சியை எதிர்பார்த்து அங்கே போகக்கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

என்னைக் கேட்டால் முதல் கேள்வி ஒன்றுதான்: இதைப் பார்க்காமல் திரும்பினால் மனம் குறைப்படும் என்று நீங்கள் நினைப்பது எது? காண்டாமிருகமா, பூநாரையா, வேனை விட்டு இறங்கிக் காட்டு விலங்குகளுக்கு நடுவே நடப்பதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, உடன் வருகிறவர்கள். எழுபது வயதுப் பெற்றோருக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் ஒரே ஏரி பொருந்தாது. மூன்றாவது, சாலையில் கழியும் நேரம். நான்காவது, மொத்தச் செலவு. நுழைவுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, படகு, வழிகாட்டி, கூடுதல் நாள் வண்டி வாடகை ஆகியவற்றை மறந்துவிடுகிறோம். கடைசியாக, பருவம். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சிறுமழை. மழைக்காலத்தில் மூன்று ஏரிகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை.

## நகுரு: காண்டாமிருகம் பார்க்க வேண்டுமென்றால்

நைரோபியிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பூங்காவின் பரப்பு 188 சதுர கிலோமீட்டர். நகுரு நகரம் அதன் வேலியை ஒட்டியே நிற்கிறது. மலைமுகட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் காட்டெருமைக் கூட்டம், மறுபக்கம் தகரக் கூரைகள். சிலருக்கு இது உறுத்தும். எனக்கு அந்த வேலிமீது மிகுந்த மரியாதை உண்டு. வேட்டைக்காரர்கள் கென்யாவின் கருப்புக் காண்டாமிருகங்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்ட நிலையில், 1987-இல் இந்தப் பூங்கா காண்டாமிருகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, சுற்றிலும் மின்வேலி போடப்பட்டது. இன்று கருப்பு, வெள்ளை என இரண்டு வகையையும் ஒரே நாளில் பார்க்க வாய்ப்புள்ள இடங்கள் ஆப்பிரிக்காவில் அதிகமில்லை. நகுரு அவற்றில் ஒன்று.

இரண்டுக்கும் நிறத்தில் வேறுபாடு தேடினால் கிடைக்காது. இரண்டும் சேற்று நிறம்தான். வாயைப் பாருங்கள். வெள்ளைக் காண்டாமிருகத்தின் வாய் அகன்று தட்டையாக இருக்கும். தலையைத் தரையோடு வைத்து, சீராகப் புல்லைக் கத்தரித்துக்கொண்டே நகரும். திறந்த புல்வெளியில், வண்டிச் சாலையிலிருந்து சில அடி தூரத்திலேயே அது மேய்வதைப் பார்க்கலாம். அதன் முதுகில் உண்ணி கொத்தும் பறவைகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கருப்புக் காண்டாமிருகத்தின் மேலுதடு கொக்கிபோல் நீண்டிருக்கும். அதை வைத்துப் புதர்க் கிளைகளை வளைத்துத் தின்னும். ஆகவே புதருக்குள்ளேயே இருக்கும், கூச்சமும் அதிகம். அதைப் பார்க்க விடியற்காலையே சிறந்தது.

காண்டாமிருகத்தோடு நகுருவின் செல்வம் முடிந்துவிடவில்லை. எல்டோரெட் பக்கத்திலிருந்து 1977-இல் கொண்டுவந்து விடப்பட்ட ராத்ஸ்சைல்ட் ஒட்டகச்சிவிங்கிகள் இங்கே நன்றாகப் பெருகியிருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லாமல், வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். மாராவில் பார்ப்பது வேறு வகை. சிங்கம் உண்டு. ஏரிக்கரையில் மஞ்சள் பட்டை கொண்ட உயரமான வேலமரங்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் கிளைகளில் சிறுத்தை படுத்திருக்கும். கிழக்குச் சரிவில் கள்ளி மரங்களே ஒரு காடாக நிற்கின்றன. யானை மட்டும் கிடையாது. குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூழைக்கடாக்களும் இங்கே நிறைய. கொசுவைக் கட்டுப்படுத்துவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் ஏரியில் ஒரு சிறு திலாப்பியா மீனை விட்டார்கள். அந்த மீனைத் தேடிப் பக்கத்து எல்மென்டைட்டா ஏரியில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் நகுருவுக்குப் பறந்து வரத் தொடங்கின.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், கென்ய வனவிலங்குத் துறை வசூலிக்கும் கட்டணங்களில் நகுரு உயர்ந்த பிரிவில் இருக்கிறது. வெளிநாட்டவர் கட்டணமும் கென்யாவில் வசிப்போர் கட்டணமும் பல மடங்கு வேறுபடும். அங்கே வேலை பார்க்கும் உறவினர் தமக்கான கட்டணத்தைச் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. பணத்தை வாயிலில் ரொக்கமாக வாங்கமாட்டார்கள். இணையத்தில்தான் செலுத்த வேண்டும். பூங்காவுக்குள் உள்ள விடுதிகள் விலை அதிகம். ஆனால் உள்ளே தங்கினால் விடியலிலேயே வண்டியைக் கிளப்பிவிடலாம். நகரத்தில் தங்குகிறவர்கள் ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும். நைரோபியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியும். அப்படிச் செய்தால் நல்ல வெளிச்சமும் விலங்கு நடமாட்டமும் உள்ள காலைப் பொழுது நெடுஞ்சாலை லாரிகளுக்குப் பின்னால் போய்விடும். பணம் மிச்சமாகும், பார்ப்பது பாதியாகும். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பபூன் முகடு என்ற காட்சிமுனையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அந்தக் குரங்குகளுக்கு நம் ஊர்க் குரங்குகளைவிடப் பல் நீளம், பயமும் குறைவு. வேனின் கூரை திறந்திருந்தால் உள்ளே கையை விட்டுவிடும்.

நகுரு யாருக்கு ஏற்றது? முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு. காண்டாமிருகம் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு. மாராவுக்குப் போக முடியாமல் ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் வாய்ப்பு என்பவர்களுக்கு. வண்டியிலேயே அமர்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மரக்கறி உணவுக்கும் கவலையில்லை. நகுரு நகரில் இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சப்பாத்தியும் பருப்பும் எளிதில் கிடைக்கும்.

## நைவாஷா: இறங்கி நடக்க வேண்டுமென்றால்

நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். உவர் ஏரிகளுக்கு நடுவே இது நன்னீர் ஏரி. வெளியேறும் ஆறு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நிலத்தடி வழியே நீர் கசிந்து வெளியேறுவதால் உப்பு தேங்குவதில்லை. அதனால் கரையில் பாப்பிரஸ் கோரை, நீரில் மீன், நீர்யானைக் கூட்டங்கள், மீன்கழுகுகள். பூநாரைக்காக இங்கே யாரும் வர வேண்டாம்.

ஏரி ஒரு தேசியப் பூங்கா இல்லை. கரையில் ரோஜாப் பண்ணைகளின் பசுமைக்குடில்கள் வரிசையாக நிற்கும். கென்யாவிலிருந்து ஐரோப்பியச் சந்தைகளுக்குப் போகும் மலர்களில் பெரும்பங்கு இங்கேதான் விளைகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் ஏரியைச் சுற்றித் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. தனித்தனிக் கட்டணமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படகுச் சவாரி முதலாவது. நீர்யானைகள் காதையும் கண்ணையும் மட்டும் வெளியே வைத்துக் கிடக்கும். படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நிற்பார்; அவரை நெருங்கிப் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இந்த ஏரியில் நீர்யானை மனிதர்களைக் கொன்றிருக்கிறது. உயிர்காப்புச் சட்டை தராத படகில் ஏறவே கூடாது. இரவில் நீர்யானைகள் மேய்ச்சலுக்குக் கரையேறி விடுதிப் புல்வெளிக்கே வந்துவிடும். இருட்டிய பின் தனியாக வெளியே போக வேண்டாம் என்று காவலர் சொன்னால் அப்படியே கேளுங்கள்.

இரண்டாவது கிரசென்ட் தீவு. தனியார் காப்பகம், தனிக் கட்டணம். எரிமலை வாயின் விளிம்பு பிறைவடிவில் நீருக்கு மேல் நிற்கிறது. வேட்டை விலங்குகளின் தொல்லை இல்லாததால் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, வைல்டிபீஸ்ட், வாட்டர்பக் மான் ஆகியவற்றுக்கு நடுவே வழிகாட்டியோடு நடந்து போகலாம். வண்டியின் உயரத்திலிருந்து பார்க்கும்போது ஒட்டகச்சிவிங்கியின் உண்மையான அளவு பிடிபடுவதில்லை. நடந்துபோய் நாற்பது அடி தூரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, அது வாயை அசைபோட்டபடி உங்களைக் குனிந்து பார்க்கும். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய விருந்து மூன்று ஏரிகளிலும் இல்லை.

மூன்றாவது, பக்கத்திலேயே உள்ள ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. 1984-இல் அமைந்த 68 சதுர கிலோமீட்டர் பூங்கா. சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் அனுமதிக்கும் அபூர்வமான இடம். செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே சமதரையில் சைக்கிள் மிதிக்கலாம். இருபுறமும் வரிக்குதிரைகள் மேயும். காட்டெருமை தென்பட்டால் நின்றுவிட வேண்டும். கட்டணம் நகுருவைவிடக் குறைவு. பூங்காவின் ஓரத்தில் ஒல்காரியா புவிவெப்ப மின்நிலையத்தின் நீராவிக் குழாய்களும் தெரியும்.

ஹெல்ஸ் கேட்டின் குறுகிய பள்ளத்தாக்கு அழகானது, ஆபத்தானதும்கூட. தொலைவில் மலைமேல் பெய்யும் மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். 2012-இலும் 2019-இலும் அப்படி வந்த வெள்ளத்தில் சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கு திறந்திருக்கிறதா என்று வாயிலில் கேளுங்கள். மழைமேகம் எந்தப் பக்கம் கட்டியிருந்தாலும் இறங்காதீர்கள். ஆசையாக வந்தோமே என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் இடம் கொடுக்கக் கூடாது.

படகுக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று, சைக்கிள் வாடகை, வழிகாட்டி என்று கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த நைவாஷா நான்கு பேர் குடும்பத்துக்கு நகுருவின் பக்கத்தில் வந்துவிடும். படகு வாடகையை ஏறும் முன் பேசி முடியுங்கள்: தலைக்கா, படகுக்கா, எத்தனை மணி நேரம், தீவில் காத்திருப்பதற்குத் தனிப் பணமா என்று. வார இறுதியில் நைரோபி மக்கள் திரண்டு வருவார்கள்; ஞாயிறு மாலை திரும்பும் சாலை அசையாது.

நடக்கவும் மிதிக்கவும் தெம்புள்ள இளையோருக்கும், வண்டிக்குள் நாள்முழுக்க அடைந்து கிடக்க மறுக்கும் குழந்தைகளுக்கும், ஒரே பகல் மட்டும் கையில் உள்ளவர்களுக்கும் நைவாஷாவே சரி.

## போகோரியா: பூநாரைக்காகவே போகிறீர்கள் என்றால்

நகுருவைத் தாண்டி, மொகோட்டியோவில் நிலநடுக்கோட்டைக் கடந்து, இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும். நைரோபியிலிருந்து 250 கிலோமீட்டர் அளவில் வரும். ஏரி சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகுரு, நைவாஷாவின் குளிர்ந்த காலைகள் இங்கே இல்லை, வெயில் கடுமை.

போகோரியா ஆழமான உவர் ஏரி. நீர் உயர்ந்தும் அதன் உப்பு அவ்வளவாக நீர்த்துவிடவில்லை. நகுருவை விட்ட பூநாரைகளில் பல இங்கேதான் வந்து சேர்ந்தன. அந்த இளஞ்சிவப்புக் கரையைக் காண இன்றைக்கு இதுவே நம்பிக்கையான இடம். அதற்காக யாரும் உத்தரவாதம் தர முடியாது. பூநாரைகள் இரவோடு இரவாக ஏரி மாறும் பறவைகள். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் தொலைநோக்கியில் வெள்ளைக் கோடாகப் பூநாரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கிடைப்பது வேறு அனுபவம். அவற்றின் இரைச்சல் முதலில் காதுக்கு வரும், பிறகு சோடா உப்பின் நெடி, பிறகுதான் நிறம்.

இந்த ஏரியில் மீன் இல்லை. ஆகவே இங்குள்ள மீன்கழுகுகள் பூநாரைகளையே வேட்டையாடக் கற்றுக்கொண்டிருக்கின்றன. கழுகு ஒன்று தாழப் பறந்து வந்தால் போதும். கரையோரக் கூட்டம் முழுவதும் நீர்மேல் ஓடி, இறக்கையின் அடிப்பக்கச் செம்மையைக் காட்டி ஒரே வீச்சில் எழும். கழுகு பின்தங்கிய ஒன்றின்மீது பாயும். கொஞ்ச நேரத்தில் மற்றவை அதே இடத்தில் இறங்கி மேயத் தொடங்கிவிடும்.

லோபுருப் பகுதியில் கொதிநீர் ஊற்றுகள் பீறிடுகின்றன. கம்பியில் கட்டிய பாத்திரத்தில் முட்டை அவிப்பவர்களைப் பார்க்கலாம். ஏரி உயர்ந்ததில் சில ஊற்றுகளும் பழைய கரைச்சாலையும் மூழ்கிவிட்டதால், இருப்பவற்றையும் உள்ளூர் வழிகாட்டியோடுதான் பார்க்க வேண்டும். ஊற்றைச் சுற்றியுள்ள மண்மேலோடு மெல்லியது, அடியில் கொதிக்கும் நீர். சிறு குழந்தைகளை அங்கே கையை விட்டு ஓடவிடக் கூடாது. முறுக்குக் கொம்புள்ள பெரிய குடு மான்களைச் சரிவுகளில் காலையிலும் மாலையிலும் தேடிப் பாருங்கள். கென்யாவில் அவற்றை எளிதில் பார்க்க முடியாது. சிங்கம், காண்டாமிருகம் எதுவும் இங்கே இல்லை.

உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970-களில் காப்பகம் அமைந்தபோது, ஏரியைச் சுற்றி வாழ்ந்த என்டோரோய்ஸ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மேய்ச்சல் நிலமும் வழிபாட்டிடங்களும் அவர்கள் கையைவிட்டுப் போயின. அவர்கள் தொடுத்த வழக்கில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2010-இல் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகச் சொன்னது. தீர்ப்பு முழுமையாக நிறைவேறுவதற்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நாம் கொடுக்கும் வழிகாட்டிக் கூலி அந்த மண்ணின் மக்களுக்குப் போய்ச் சேரட்டும்.

நுழைவுக் கட்டணம் மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது. நகுரு அளவுக்கு இராது. ஆனால் ஒரு நாள் கூடுதல் வண்டி வாடகை, ஓட்டுநர் படி, எரிபொருள், ஓர் இரவுத் தங்கல் எல்லாம் சேர்ந்தால் மூன்றிலும் செலவுமிக்கது இதுதான். தங்குமிடங்கள் குறைவு. மரக்கறி சாப்பிடுகிறவர்கள் நகுருவிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. தாழ்வான வெப்பப் பகுதி என்பதால் மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள நன்னீர் ஏரியான பாரிங்கோவையும் சேர்த்துக்கொண்டால், பறவை ஆர்வலர்களுக்கு இந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டாக இராது. மற்றவர்களுக்கு நான் போகோரியாவைத் தனிப் பயணமாகச் சொல்லமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | நகுரு | நைவாஷா | போகோரியா |
|---|---|---|---|
| நைரோபியிலிருந்து | சுமார் 160 கி.மீ. | சுமார் 90 கி.மீ. | சுமார் 250 கி.மீ. |
| ஏரி | உவர் | நன்னீர் | உவர் |
| முதன்மை ஈர்ப்பு | இருவகைக் காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் | நீர்யானை, நடை, சைக்கிள் | பூநாரை, கொதிநீர் ஊற்று, குடு மான் |
| பூநாரை வாய்ப்பு | மாதத்துக்கு மாதம் மாறும் | எதிர்பார்க்க வேண்டாம் | மூன்றிலும் அதிகம் |
| பார்க்கும் முறை | வண்டியிலிருந்து | படகு, நடை, சைக்கிள் | வண்டியும் சிறிது நடையும் |
| மறைமுகச் செலவு | உள்ளே தங்கும் விடுதி | தனித்தனிக் கட்டணங்கள் | கூடுதல் நாள் வண்டி, தங்கல் |
| பெரியவர்களுக்கு | மிக ஏற்றது | படகு மட்டும் | வெயிலும் தூரமும் சிரமம் |
| மழைக்காலத்தில் | சில சாலைகள் சேறாகும் | பள்ளத்தாக்கைத் தவிர்க்கவும் | கரைச்சாலை பற்றி விசாரிக்கவும் |

## எங்கே போனாலும் வரும் செலவுகள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். 2024 முதல் கென்யாவுக்கு விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. பிளாஸ்டிக் பைகளுக்கு அந்த நாட்டில் 2017 முதல் தடை. பூங்காக்களுக்குள் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலும் 2020 முதல் கூடாது. முறுக்கையும் புளியோதரையையும் எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள்.

இரண்டு இரவு கையில் இருந்தால் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுக்கும் தேவையே இல்லை. முதலில் நகுரு, அங்கே ஓர் இரவு தங்கி விடியற்காலைச் சுற்று. மறுநாள் பிற்பகல் நைவாஷாவில் படகு, அதற்கடுத்த நாள் காலையில் கிரசென்ட் தீவு. அங்கிருந்து நாரோக் வழியாக மாரா. நகுருவிலிருந்து மாராவுக்குப் போகும் வழக்கமான தடத்திலேயே நைவாஷா வருவதால், இந்த வரிசையில் போனால் வண்டி வந்த வழியே வீணாகத் திரும்புவது குறையும்.

முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: பூங்காக் கட்டணம் விலையில் சேர்ந்ததா, வண்டியில் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா, கூரை திறக்குமா, நைவாஷாவில் படகும் தீவும் உட்பட்டவையா. பூநாரைகள் இந்த மாதம் எந்த ஏரியில் நிற்கின்றன என்பதை மட்டும் ஏற்பாட்டாளரிடம் கேட்காமல், கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்த வழியாகப் போய்வந்த ஓட்டுநரிடம் கேளுங்கள்.